பின்சக்கரங்கள்

சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
14-10-1946

அன்புள்ள தங்கை ஐரினுக்கு அண்ணன் அல்போன்ஸ் எழுதுவது. இங்கே நான், உன் அண்ணி ஃப்ளோரன்ஸ், அவளுடைய முழங்கால் வலி மூன்று பேரும் சர்வேசுரன் கிருபையால் நன்றாக இருக்கிறோம். தங்கவயல் குளிரில் உன் இருமல் எப்படி? கிளாடிஸ் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை கல்யாணப் பெண் என்று சோற்றைக் குறைத்துவிட்டாளா?

சங்கதி என்னவென்றால் கார் கிடைத்துவிட்டது. சிரிக்காதே. நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா செபஸ்தியம்மாள் அத்தனை பேர் முன்னாலும், "தகப்பன் இல்லாத பொண்ணு, பாவம், கோயிலுக்கு ஜட்காவுலதானே வரும்" என்று சொன்னதும், நான் வாயில் இருந்த லட்டை விழுங்காமலே, "எங்க பொண்ணு கார்லதான் வரும்" என்று சொன்னதும் உனக்கு மறந்திருக்காது. நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். பொத்தான்தான் போனது, சொன்ன சொல் போகவில்லை.

ஆழ்வார்பேட்டையில் ஒரு துரை சண்டை முடிந்து சீமைக்குப் போய்விட்டார். பங்களாவை வாங்கினவர் கொட்டகையைக் காலி செய்தால் போதும், அதில் கிடப்பதை எடுத்துக்கொண்டு போ என்றார். போய்ப் பார்த்தால் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். மூக்கு நீளம், முதுகு குட்டை. துரை காலத்தில் பறந்திருக்குமாம். இப்போது கதவைக் கரையான் தின்றிருக்கிறது, சீட்டை எலி தின்றிருக்கிறது, பின்சக்கரம் இரண்டையும் மனிதன் யாரோ தின்றிருக்கிறான். மற்றபடி நல்ல வண்டி. பின்பக்கத்தை மாட்டுவண்டியில் ஏற்றிக் கட்டி இழுத்து வந்து என் ஷெட்டில் செங்கல் மேல் உட்கார வைத்திருக்கிறேன்.

தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. ஏப்ரலில் பாஸ்குத் திருநாள் கழிந்துதானே நாள் குறித்திருக்கிறோம். அதற்குள் ஓடும்.

உன் அண்ணன்,
அல்போன்ஸ்


தங்கவயல்,
29-10-1946

அன்புள்ள அண்ணனுக்கு ஐரின் வணக்கம். இருமல் குறைந்திருக்கிறது. கிளாடிஸ் நன்றாகவே சாப்பிடுகிறாள். அண்ணியின் முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன், இரவில் தடவச் சொல்லுங்கள்.

கார் விஷயம் படித்தேன். நீங்கள் அவள் தகப்பன் ஸ்தானத்தில் நின்று செய்வது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் கார் இல்லாவிட்டாலும் கல்யாணம் நடக்கும். வீம்புக்காக உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை எழுதிவிட்டு இதையும் எழுத வேண்டியிருக்கிறது. கிளாடிஸ் உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் மற்ற டீச்சர்களுக்குப் படித்துக் காட்டிவிட்டாள்.

என்றும் உங்கள் தங்கை,
ஐரின்


சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
2-12-1946

அன்புள்ள ஐரினுக்கு, தைலம் வந்தது. உன் அண்ணி அதைத் தடவிக்கொண்டு நடந்தால் தெருவில் நாய்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன. வலி அப்படியே இருக்கிறது, மரியாதை கூடியிருக்கிறது. நீயும் கிளாடிஸும் சுகம்தானே?

காரைப் பற்றிக் கேள். சாமான் வாங்க வழியில்லை. இந்த ஜாதி வண்டிக்குச் சீமையிலிருந்து ஒரு திருகாணிகூட வருவதில்லையாம். அதனால் நானே சீமையாகிவிட்டேன். ஃபேன் பெல்ட்டுக்கு லஸ்ஸில் செருப்புத் தைக்கிறவரிடம் தோல்வார் தைத்து வாங்கினேன். ரேடியேட்டர் குழாய்க்கு சைக்கிள் ட்யூப், அதன் மேல் துணி சுற்றிக் கம்பி கட்டியிருக்கிறது. பெட்ரோல் டாங்கி ஓட்டையில் பார் சோப்பை அழுத்தி அடைத்தேன், பெட்ரோல் சோப்பைக் கரைக்காது, தெரியுமா? மேல்கூரைக்கு மிலிட்டரிக் கூடாரம். முன் விளக்குக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. உன் அண்ணியுடைய அப்பாவின் படத்தில் நல்ல கண்ணாடியாக இருந்தது. மாமனார் இப்போது கண்ணாடி இல்லாமல் என்னை முறைக்கிறார். அவர் மகளும் அப்படியே.

கதவுச் சட்டம் இனாயத் செய்து கொடுத்தார். உனக்குத் தெரியுமே, நம் கோயில் பின்தெருவில் மரவேலை செய்கிறவர். கோயிலுக்குப் புது பெஞ்சுகள் செய்யும் வேலை இப்போது அவர் கையில்தான் இருக்கிறது. அதற்கு நடுவில் கள்ளிப்பெட்டிப் பலகையை இழைத்துத் துரை வீட்டுக் கதவாக்கிவிட்டார். கதவைச் சாத்திப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, பொண்ணுக்குக் கதவு கீது, ஓடறதுக்குச் சக்கரம் எங்க கீது" என்று சிரிக்கிறார். அதுதான் சங்கடம். பட்டணம் முழுக்கத் தேடிவிட்டேன். தேனாம்பேட்டை வரைக்கும் ஒரு ஷெட் பாக்கியில்லை. கம்பி ஆரக்கால் போட்ட அந்த மாதிரிச் சக்கரம் எங்கேயும் இல்லை.

உன் அண்ணன்,
அல்போன்ஸ்


தங்கவயல்,
28-12-1946

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் திருநாள் வாழ்த்துகள். எனக்குப் பத்து நாளாகக் காய்ச்சல், அதனால்தான் தாமதம். இப்போது எழுந்து நடமாடுகிறேன்.

செபஸ்தியம்மாள் ஒரு கார்டு எழுதியிருந்தார். கார் என்ன நிறம், அதற்குத் தகுந்தபடி மாலை கட்டச் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். கேலியா, நிஜமாகவே கேட்கிறாரா தெரியவில்லை. சிவப்பு என்று பதில் எழுதிவிட்டேன். சிவப்புதானே?

சக்கரம் கிடைத்ததா?

ஐரின்


சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
3-2-1947

அன்புள்ள ஐரினுக்கு, காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. இங்கே நாங்கள் சுகம். சிவப்பாக இருக்கவில்லை, உன் கார்டுக்காகச் சிவப்பாக்கிவிட்டேன்.

சக்கரம் கிடைத்துவிட்டது. எங்கே என்று சொன்னால் நீ சிலுவை போட்டுக்கொள்வாய், அதனால் உட்கார்ந்துகொண்டு படி. நம் கோயில் சவ வண்டி இருக்கிறதே, பெட்டியை வைத்துக் கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போகிற வண்டி, அதற்குச் சக்கரம் ஏது என்று நினைத்துப் பார். ஒரு வெள்ளைக்கார டாக்டர் தன்னுடைய உடைந்த காரின் நாலு சக்கரங்களைக் கோயிலுக்குக் கொடுத்தார். மாட்டினவன் நான். அன்றிலிருந்து அச்சுக்குக் கிரீஸ் வைக்கிறவனும் நான், கொட்டகைச் சாவியும் என்னிடம்தான். அந்த டாக்டர் கார் இதே ஜாதி. இத்தனை நாள் பட்டணமெல்லாம் சுற்றினேன், சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

பின்சக்கரம் இரண்டைக் கழற்றிக் காரில் மாட்டினேன். உறை போட்டது மாதிரி உட்கார்ந்தது. சவ வண்டி நொண்டியாக நிற்கக் கூடாதே, அதற்கு இனாயத்திடம் அதே அளவில் இரண்டு மரச்சக்கரம் செய்து வாங்கிக் கறுப்பு அடித்து மாட்டிவிட்டேன். இன்னதுக்கு என்று அவரிடம் சொல்லவில்லை. காய்கறி வண்டிக்கு என்றேன். கோயிலில் கேட்டவர்களிடம் பழைய சக்கரம் தேய்ந்துவிட்டது என்றேன். வண்டியில் படுத்துப் போகிறவர் எவரும் குலுக்குகிறது என்று என்னிடம் வந்து சொல்லப்போவதில்லை.

நேற்று சாயங்காலம் கடற்கரை ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் கூப்பன் போதாமல் மண்ணெண்ணெய் கலந்திருந்ததால் பின்னால் கரும்புகை. ஆனால் ஓடியது, ஐரின். காற்று முகத்தில் அடித்தது. ஒரு பெரிய மனிதர் குடையை மடக்கிக்கொண்டு நின்று பார்த்தார்.

இன்னும் இரண்டு வாரம் ஓட்டிப் பழக்கிவிட்டுச் சக்கரங்களைத் திரும்பச் சவ வண்டியிலேயே மாட்டிவிடுவேன். கல்யாணத்தன்று ஒரு காலைப் பொழுதுக்கு மட்டும் மறுபடி எடுத்தால் போதும். இருந்தாலும் நீ படித்தவள், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவள். தப்பு என்றால் ஒரு வரி எழுது. உடனே கழற்றிவிடுகிறேன்.

உன் அண்ணன்,
அல்போன்ஸ்


தங்கவயல்,
17-2-1947

அன்புள்ள அண்ணனுக்கு, கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

கார் ஓடியது என்று கேட்டு மிகவும் சந்தோஷம். கிளாடிஸுக்கு வெள்ளைப் புடவைதான் எடுத்திருக்கிறேன், சிவப்புக்கு அது எடுப்பாக இருக்கும். முக்காட்டுத் துணி கன்னியாஸ்திரீகள் பின்னிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூடாரத் துணிக் கூரையை அன்று மடக்கி வைக்க முடியுமா? எல்லாரும் அவளைப் பார்க்கும்படி இருக்கும்.

நாளை மறுநாள் விபூதிப் புதன். தபசு காலத்தில் உங்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.

ஐரின்


சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
15-3-1947

அன்புள்ள ஐரினுக்கு, நாங்கள் சுகம்.

துக்கச் செய்தி. மாப்பிள்ளையின் அம்மா செபஸ்தியம்மாள் புதன்கிழமை காலை நெஞ்சுவலியில் போய்விட்டார். கடைசி நேரத்தில் சாமியார் வந்து அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார். வியாழக்கிழமை அடக்கம். கூட்டம் நிறைய. எல்லாம் நல்லபடியாக நடந்தது. நீ பள்ளிக்கூடத்தை விட்டு அவசரமாகக் கிளம்பி வர வேண்டாம். வெயில் ஜாஸ்தி.

கல்யாணத்தைப் பற்றி இப்போது அவர்களிடம் கேட்பது சரியாக இருக்காது.

அல்போன்ஸ்


மயிலாப்பூர்,
20-3-1947

மரியாதைக்குரிய அத்தை அவர்களுக்கு ராஜநாயகம் எழுதுவது. தாங்கள் அனுப்பிய தந்தி கிடைத்தது. அப்பா சாப்பிடுகிறார், தூங்குவதில்லை. தாங்களும் கிளாடிஸும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடக்கத்தன்று நடந்ததை அல்போன்ஸ் மாமா எழுதியிருப்பார். எழுதாமல் இருந்தால், நானே சொல்லிவிடுகிறேன். கச்சேரி ரோட்டில் திரும்பும்போது சவ வண்டியின் பின்சக்கரம் ஒன்று முறிந்து வண்டி சாய்ந்தது. பெட்டி நழுவியதைப் பிடித்துக்கொண்டோம். ஆனாலும் ஒரு முனை தரையில் இடித்தது. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். அங்கிருந்து அம்மாவைத் தோளில்தான் கொண்டுபோனோம். தோள் மாற்ற ஆள் போதாமல் இரண்டு முறை ரோட்டில் இறக்கி வைத்தோம்.

முறிந்தது புது மரச்சக்கரம். யார் செய்தது என்று பெரியவர்கள் கேட்டார்கள். மாமா, "இனாயத் செஞ்சது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே கோயில் பெஞ்சு வேலையை இனாயத்திடமிருந்து எடுத்துவிட்டார்கள். கோயில் வாசலில் வைத்தே அவரைக் கண்டபடி பேசினார்கள். காய்கறி வண்டிக்கு என்று கேட்டுத்தான் செய்தேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமாவின் ஷெட்டுப் பக்கம் போயிருந்தேன். மாமா இல்லை. கார் நின்றது. அதன் பின்சக்கரங்களைப் பார்த்தேன். சவ வண்டியின் முன்சக்கரங்கள் எப்படியோ அப்படியே இருந்தன. நான் தப்பாக நினைக்கலாம். மாமாவிடம் கேட்க வாய் வரவில்லை, அப்பாவிடம் சொல்லவும் இல்லை. தங்களுக்கு ஏதாவது தெரியுமா?

ராஜநாயகம்


தங்கவயல்,
24-3-1947

அண்ணனுக்கு, ராஜநாயகத்தின் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

நீங்கள் பிப்ரவரியில் என்னிடம் கேட்டீர்கள். தப்பு என்றால் ஒரு வரி எழுது என்றீர்கள். நான் ஒரு பக்கம் எழுதினேன், அந்த ஒரு வரியை எழுதவில்லை. மறந்துபோகவில்லை. எழுதினால் நீங்கள் கழற்றிவிடுவீர்கள் என்று தெரியும். கூரையை மடக்கச் சொன்னேன். அந்த அம்மாள் வாசலில் நின்று என் பெண் காரிலிருந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். வேறு இல்லை.

அந்த அம்மாளைத்தான் ரோட்டில் இறக்கி வைத்தார்கள்.

எனக்குத் தெரியும் என்றும், தெரிந்து பேசாமல் இருந்தேன் என்றும் சம்பந்தி பவுல்சாமி வாத்தியாருக்கு இன்றே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். கிளாடிஸிடமும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கல்யாணம் நின்றால் நிற்கட்டும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனாலும் நீங்கள் போக வேண்டும். வேடிக்கையாக ஒன்றும் பேசாமல் போங்கள், அண்ணா.

ஐரின்


சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
31-3-1947

ஐரினுக்கு, அண்ணி சுகம்.

வெள்ளிக்கிழமை வாத்தியார் வீட்டுக்குப் போனேன். உன் கடிதம் மேஜை மேல் பிரித்துக் கிடந்தது. உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அழகாக இருக்கிறது என்று ஆட்கள் வந்து காரைப் பார்த்துவிட்டுப் போவதில் மயங்கி, நாளைக்குக் கழற்றலாம், நாளைக்குக் கழற்றலாம் என்று விட்டதைச் சொன்னேன். இனாயத் செய்தது என்று சொன்ன வாய் அதற்கு மேல் திறக்காததையும் சொன்னேன். அன்று நான் சொன்னதில் பொய் இல்லை என்று வீட்டுக்கு வந்து என்னையே சமாதானம் செய்துகொண்டிருந்தேன், ஐரின். அதை அவரிடம் சொல்லும்போதுதான் அது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தது.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றே ஒன்று கேட்டார். "இனாயத்கிட்ட சொன்னீங்களா?"

இல்லை என்றேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டேன், சம்பந்தியிடம் வந்து நிற்கிறேன், அந்த மனிதனிடம் போகவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணம்தான் மனதில் இருந்தது.

"அங்க போயிட்டு வாங்க. மத்தது அப்பறம்" என்று எழுந்துவிட்டார்.

இனாயத் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜமீலுன்னிசா திரைக்குப் பின்னாலிருந்து, மயிலாப்பூரில் யாரும் வேலை கொடுப்பதில்லை, ஆதம்பாக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் செய்யப் போயிருக்கிறார் என்றாள். என் குரல் கேட்டு டீ வேண்டுமா என்று வேறு கேட்டாள். வேண்டாம் என்று ஆதம்பாக்கம் போனேன். அவர் இழைப்புளியை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டார். நான் முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"சவ வண்டின்னு சொல்லியிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? ஆரக்காலைத் தடியா போட்டிருப்பேனே. நான் செஞ்ச சக்கரம் ஒடஞ்சு ஒரு மவுத்து ரோட்ல நின்னுதே நைனா. அத நெனச்சுக்கினேதான் கீறேன்."

மன்னித்துவிடு என்றேன். "எங்க வச்சு என்ன பேசினாங்களோ, அங்க வச்சுச் சொல்லு" என்றார். மறுபடி இழைக்க ஆரம்பித்துவிட்டார்.

நேற்று குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து எல்லாரும் குருத்தோலையோடு வெளியே வந்தபோது கோயில் வாசலில் நின்று சொன்னேன். எனக்குப் பேச்சு வரும் என்பார்களே, நேற்று வரவில்லை. திக்கித் திக்கிச் சொன்னேன். யாரோ முதலில் வேடிக்கை செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. கொட்டகைச் சாவியைச் சாமியாரிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். இனாயத் எதிர்ப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். பெஞ்சு வேலையைத் திரும்ப அவரிடமே கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் யோசிக்கிறாராம்.

வாத்தியார் சாயங்காலம் ஆள் அனுப்பினார். கல்யாணம் குறித்த நாளிலேயே, முதல் பூசையில், மேளம் இல்லாமல். பெண் எதில் வருவாள் என்று யாரும் கேட்கவில்லை.

காரின் பின்சக்கரங்களைக் கழற்றிச் சவ வண்டியில் மாட்டியாகிவிட்டது. பட்டப்பகலில் மாட்டினேன்.

அல்போன்ஸ்


சேசு மரி சூசை

மயிலாப்பூர்,
22-6-1947

அன்புள்ள ஐரினுக்கு, நீ ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கண்டேன். உன் அண்ணி முழங்காலோடு வழக்கம்போல. கிளாடிஸும் மாப்பிள்ளையும் போன ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டார்கள். அவள் தன் கையாலேயே எனக்குப் பரிமாறினாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். கல்யாணத்தன்று நீ அவள் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப்போனபோது நான் கடைசி வரிசையில் நின்றது யாரும் சொல்லி இல்லை. முன்னால் வரக் கால் வரவில்லை.

காரைப் பழைய இரும்புக்காரன் கேட்டிருக்கிறான், கொடுத்துவிடுவேன். இனாயத் பெஞ்சு வேலையை எடுத்துக்கொண்டார். தெருவில் பார்த்தால் தலையசைக்கிறார், அவ்வளவுதான்.

நேற்று ஓர் அடக்கம், மீனவர் குப்பத்துக் கிழவர். நானும் கூட்டத்தின் பின்னால் நடந்தேன். வண்டியை இப்போது பாட்டுக்குழுவில் இருக்கும் சூசைமாணிக்கம் பார்த்துக்கொள்கிறான். நல்ல பையன், ஆனால் அச்சைப் பற்றித் தெரியாது. வலது பின்சக்கரம் கல்லறைத் தோட்டம் வரைக்கும் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. கேட்ட உடனே தெரிந்துவிட்டது, உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது, இப்படியே விட்டால் மழைக்காலத்துக்குள் இறுகிவிடும். பக்கத்தில் போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. இரண்டு முறை கிட்டே போனேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

நீ அவனுக்கு ஒரு கார்டு எழுது. சக்கரத்தைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, புதிதாக வைக்கச் சொல். எண்ணெய் மட்டும் விட்டால் போதாது என்று எழுது. நீ டீச்சர், அவன் கேட்பான். நான் சொன்னதாக எழுதாதே.

உன் அண்ணன்,
அல்போன்ஸ்